பழைய டூரிங் பைக்கில் ஆடும் எக்ஸாஸ்ட்டைச் சரியாகப் பிடித்துவைப்பது எப்படி

எக்ஸாஸ்ட் ஆடத் தொடங்கியதும் பலர் ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் படும் நட்டையெல்லாம் இறுக்கிவிடுவார்கள். சத்தம் நிற்கும். கொஞ்ச நாளில் பைப் வேறோர் இடத்தில் விரிசல் விடும். காரணம் சூடு. 1.2 மீட்டர் நீளமுள்ள ஸ்டெயின்லெஸ் பைப் 300 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 6 மி.மீ. நீளும், சாதாரண இரும்பு பைப் 4 மி.மீ.க்குச் சற்று மேல். அந்த நீட்சிக்கு இடம் விடாமல் இரண்டு பக்கமும் கட்டிப்போட்டால், இன்ஜின் அதிர்வு முழுதும் வெல்டிங் ஓரத்தில் போய் விழும். முன்பக்கம் இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டில் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். பின்பக்கம் ரப்பரில் தொங்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் பெட்டியும் ஆளுமாக 350 கிலோமீட்டர் ஓடப்போகும் வண்டிக்கு இது ரொம்ப முக்கியம்.

முதலில் ஆட்டம் எங்கே என்று பாருங்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு சைலன்சரின் வாலைப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசையுங்கள். லேசான ரப்பர் அசைவு சரி. 'டக்' என்று இரும்பு இடித்தால் அங்கேதான் கோளாறு. ரப்பர் சுத்தியலால் சைலன்சரைத் தட்டுங்கள். உள்ளே கலகலவென்றால் தடுப்புத் தகடு கழன்றுவிட்டது, வெளியே எதை இறுக்கினாலும் பயனில்லை. அந்தத் தகட்டை உருவிவிட்டு ஓட்டுவது தீர்வல்ல. சத்தம் கூடும், சாலைத் தடுப்பில் நிறுத்தவும் படுவீர்கள். மூட்டுகளில் கறுப்புப் புகைக்கரி கோடாகப் படிந்திருந்தால் அது கசிவு. ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் கிலுகிலுத்தால் பெரும்பாலும் ஹீட் ஷீல்டுதான், அதாவது பைப்பின் மேல் சூட்டை மறைக்கும் தகடு. இன்ஜினை ஓடவிட்டு, நீளமான மரக்குச்சியால் ஷீல்டை அழுத்திப் பாருங்கள், சத்தம் அடங்கும்.

டூரிங் பைக்குகளில் அடிக்கடி கோட்டைவிடும் இடம் சென்டர் ஸ்டாண்டு. மடக்கும்போது அது ஒரு சிறு ரப்பர் கட்டையில் போய் உட்கார வேண்டும். பல வண்டிகளில் அந்தக் கட்டை எக்ஸாஸ்ட்டிலேயே இருக்கும். சூட்டில் பொடிந்து விழுந்த பிறகு ஸ்டாண்டு நேராகப் பைப்பில் அடிக்கும். எக்ஸாஸ்ட்டைக் கழற்றும் முன் இதைப் பார்த்துவிடுங்கள், பாதிப் பேருடைய வேலை இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது சைலன்சர் மாட்டியிருக்கும் ரப்பர் புஷ். அதன் நடுவில் ஒரு இரும்புக் காலர் இருக்கும். போல்ட் இறுக்குவது அந்தக் காலரை, ரப்பரை அல்ல. பழைய வண்டியை யாராவது பிரித்து மாட்டியிருந்தால் காலர் தொலைந்திருக்கும். அப்போது போல்ட்டை இறுக்க இறுக்க ரப்பர் நசுங்கிக் கட்டையாகி, இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். புஷ்ஷை நகத்தால் அழுத்திப் பாருங்கள்: பதியவில்லை, ஓரம் வெடித்திருக்கிறது என்றால் காலரோடு சேர்த்து மாற்றுங்கள். பெட்டி ரேக்கும் சைலன்சரும் ஒரே போல்ட்டில் இருந்தால், பெட்டியின் எடை ரேக்கின் மற்ற பிடிகளில் இறங்குகிறதா என்றும் பாருங்கள். எடை சைலன்சர் போல்ட்டுக்கு வரக் கூடாது.

இனி மாட்டும் முறை. எல்லா நட்டையும் தளர்த்திவிடுங்கள். ஹெட்டில் புதுச் செம்பு கேஸ்கெட் (கசிவை அடைக்கும் வளையம்) போடுங்கள். நசுங்கிய பழையது இரண்டாம் முறை அடைக்காது. பைப், கலெக்டர் (பைப்புகள் ஒன்றுசேரும் பகுதி), சைலன்சர் எல்லாவற்றையும் கை இறுக்கத்தில் மாட்டி, பின் போல்ட் கையால் தள்ளியே துளைக்குள் போகிறதா என்று பாருங்கள். நெம்புகோல் போட்டு இழுத்தால்தான் போகிறது என்றால் பைப் இழுபட்டு நிற்கிறது. அந்த இடைவெளியை வாஷரால் நிரப்புங்கள் அல்லது பிடிதகட்டைத் திருத்துங்கள். பிறகு ஹெட் நட்டுகளை மாறி மாறி அரைச்சுற்றாக, மேனுவல் சொல்லும் டார்க் (இறுக்க அளவு) வரை இறுக்குங்கள். அடுத்து நடு கிளாம்ப், கடைசியில் சைலன்சர் போல்ட். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

துருப்பிடித்த ஹெட் நட்டை முரட்டுத்தனமாகத் திருகினால், நட் ஏறியிருக்கும் மரைக்கம்பியான ஸ்டட் உடையும். துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி ஒரு இரவு விடுங்கள். பழைய பிஎம்டபிள்யூ ஆர்80, ஆர்100 வண்டிகளில் துடுப்பு வைத்த பெரிய நட், ஹெட்டின் மரையிலேயே ஏறியிருக்கும். அது இறுகிப் பிடித்திருந்தால் நட்டை அறுத்து எடுப்பதே மலிவு. மரை போனால் ஹெட்டையே பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.

அசல் பிடிதகடு உடைந்திருந்தால் 3 மி.மீ. கனம், 25 மி.மீ. அகலமுள்ள பட்டையில் செய்துகொள்ளலாம். எம்8 போல்ட்டுக்கு ஒரு முனையில் 8.5 மி.மீ. துளை, மறுமுனையில் பைப் நீளும் திசையில் 15 மி.மீ. நீளத் துளை. நீளத் துளைப் பக்கத்திலும் காலர் வையுங்கள். தகடு நகர வேண்டும். மூலைகளை அரத்தால் உருட்டிவிடுங்கள், கூர்மூலையில்தான் கீறல் பிறக்கும். சைலன்சர் உடல் மெல்லிய தகடு என்பதால் பிடிதகட்டை நேராக அதன்மேல் வெல்டிங் வைக்க வேண்டாம். ஸ்டெயின்லெஸ் பட்டைக் கிளாம்பும், அடியில் கண்ணாடி இழைப் பட்டையும் போதும். வெல்டிங் கட்டாயம் என்றால் எக்ஸாஸ்ட்டைக் கழற்றியே கொடுங்கள். ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டுவிட்டு டிக் வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள், விரிசல் மேலும் ஓடாது.

நைலான் வளையம் வைத்த நட் இங்கே உதவாது. 120 டிகிரிக்கு மேல் நைலான் பிடி விட்டுவிடும். முழு உலோக லாக் நட் போட்டு, மரையில் செம்பு கிரீஸ் தடவுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட் ஏற்றும்போது இது இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

சைலன்சரின் அடியில் 2, 3 மி.மீ. அளவில் நீர் வடியும் துளை இருந்தால் அடைக்காதீர்கள். ஜார்ஜ்டவுனில் சந்தைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டி சரியாகச் சூடேறாது, உள்ளே தேங்கும் நீர் தகட்டைத் தின்னும்.

நெடுஞ்சாலையில் பிடிதகடு உடைந்தால் கேபிள் டை கட்டாதீர்கள், உருகிவிடும். இரும்புக் கம்பியால் சைலன்சரைப் பின் கால்மிதித் தாங்கியில் தொங்கவிடுங்கள். டயரிலும் பிரேக் ஹோஸிலும் படாமல் பாருங்கள். பைப்பில் ஓட்டை என்றால் மைலோ டின்னை வெட்டிச் சுற்றி, இரண்டு ஹோஸ் கிளாம்ப் போட்டால் மெதுவாக வீடு சேரலாம்.

வேலை முடிந்ததும் சுமையோடு ஏறி உட்கார்ந்து, ஸ்விங்ஆர்முக்கும் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) பைப்புக்கும் இடையே விரல் நுழைகிறதா என்று பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடியபின் ஆறவிட்டு டார்க்கை மறுபடி சரிபாருங்கள். புதுக் கேஸ்கெட் அமுங்குவதால் ஹெட் நட் கொஞ்சம் திரும்பும், அது இயல்பு. சைலன்சர் போல்ட் தளர்ந்திருந்தால் பைப் இன்னும் இழுபட்டுத்தான் நிற்கிறது. எல்லாவற்றையும் தளர்த்தி முதலிலிருந்து மாட்டுங்கள்.