இரண்டு கண், ஒரு நோயாளி: கண் சத்திரசிகிச்சை ஆய்வில் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"60 நோயாளிகளின் 104 கண்கள் ஆராயப்பட்டன" என்று ஓர் ஆய்வுச் சுருக்கம் தொடங்கினால், விபரம் தெரிந்த தேர்வாளர் அந்த வரியிலேயே பேனையைக் கையில் எடுத்துவிடுவார். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களுக்கும், அம்பாறை, கல்முனை வைத்தியசாலைகளில் பயிற்சி பெறும் இளம் வைத்தியர்களுக்கும் கண்புரை வசதியான ஆய்வுப் பொருள். நோயாளிகள் நிறையப் பேர் வருகிறார்கள். சத்திரசிகிச்சை சிறிது நேரத்தில் முடிகிறது. பலனையும் எண்ணாகவே அளந்துவிடலாம். இந்த வசதிதான் ஆளை ஏமாற்றுகிறது. எதை எண்ணுகிறோம், யாரை எண்ணாமல் விடுகிறோம் என்பதிலேயே பல ஆய்வுகள் கவிழ்ந்துவிடுகின்றன. அதற்குப் பெரிய கணிதம் எதுவும் தேவைப்படுவதில்லை.

அந்த 104 கண்களையே பார்ப்போம். ஒருவருடைய வலக்கண்ணும் இடக்கண்ணும் இரண்டு தனி மனிதர்கள் அல்ல. இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே நீரிழிவு. சொட்டு மருந்தை மறக்கும் பழக்கமும் ஒன்றுதான். பெரும்பாலும் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒருவர்தான். இரண்டையும் தனித்தனித் தரவாகக் கணக்கில் சேர்த்தால், கையில் இருப்பதைவிட அதிக ஆதாரம் இருப்பதாகக் கணினி நம்பிவிடும். வழுவின் அளவு சுருங்கித் தெரியும். இல்லாத வேறுபாடுகூடப் 'பொருளுடையது', அதாவது தற்செயலாக வந்ததல்ல, என்று வந்து நிற்கும். ஒரு நோயாளிக்கு ஒரு கண் என்று எடுப்பது எளிய வழி. எந்தக் கண் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்: முதலில் சத்திரசிகிச்சை செய்த கண், அல்லது குலுக்கலில் வந்த கண். முடிவைப் பார்த்த பிறகு நன்றாகத் தெரியும் கண்ணைப் பொறுக்குவது ஆய்வாகாது. இரண்டு கண்களும் வேண்டும் என்றால், கண்களுக்கிடையிலான தொடர்பைக் கணக்கில் எடுக்கும் முறைகள் உண்டு. அதற்குப் புள்ளிவிபரவியலாளரைத் தரவு சேர்ப்பதற்கு முன்னரே போய்ப் பார்க்க வேண்டும். ஒரே ஆளின் ஒரு கண்ணில் ஒரு வகைச் செயற்கை வில்லையையும் மற்றக் கண்ணில் வேறு வகையையும் பொருத்தி ஒப்பிடுவது வேறு கதை. அங்கே இரண்டு கண்கள் இருப்பதுதான் ஆய்வின் பலம், ஆனால் சோடிகளுக்கு உரிய சோதனையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது பார்வைக்கூர்மையின் சராசரி. 1862இல் ஹெர்மன் ஸ்னெலன் வெளியிட்ட அட்டையின் வழி வந்த 6/6, 6/12, 6/60 எல்லாம் நோயாளியின் கொப்பியில் எழுத நல்லவை. கூட்டிப் பிரிக்க அல்ல. ஒருவருக்கு 6/6 (இயல்பான பார்வை), இன்னொருவருக்கு 6/60 (மற்றவர் 60 மீற்றரில் காண்பதை இவர் 6 மீற்றரில்தான் காண்கிறார்) என்று வைத்துக்கொள்வோம். தசமமாக மாற்றிச் சராசரி எடுத்தால் 0.55 வரும், அதாவது ஏறத்தாழ 6/11. அதே இருவரையும் மடக்கை அடிப்படையிலான லொக்மார் அளவில் (0 என்றால் இயல்பான பார்வை, எண் கூடக் கூடப் பார்வை மோசம்) எழுதினால் 0, 1.0, சராசரி 0.5, அதாவது ஏறத்தாழ 6/19. ஆட்கள் அதே ஆட்கள்தான், ஆனால் முதல் கணக்கில் சத்திரசிகிச்சை வெற்றி போலத் தெரிகிறது. 1976இல் பெய்லியும் லோவியும் வடிவமைத்த அட்டை இந்த லொக்மார் அளவிலேயே அமைந்தது. அது கிளினிக்கில் இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. சராசரியை விட்டுவிட்டு வகுப்புகளாகச் சொல்லலாம். 6/18 அல்லது அதைவிட நன்று, 6/18க்கும் 6/60க்கும் இடையில், 6/60ஐ விட மோசம் என்று உலக சுகாதார நிறுவனம் பிரித்திருக்கிறது. நோயாளி வழக்கமாகப் பார்க்கும் பார்வையோடு முதல் வகுப்பில் குறைந்தது 80 வீதம் இருக்க வேண்டும், கடைசி வகுப்பு 5 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அதன் பழைய அளவுகோல். "வழக்கமாகப் பார்க்கும் பார்வை" என்பதைக் கவனிக்க வேண்டும். கண்ணாடி இன்றி ஒருவர், ஊசித்துளை வழியாக ஒருவர், கண்ணாடி கொடுத்த பிறகு ஒருவர் என்று அளந்த எண்களை ஒரே அட்டவணையில் கலந்தவர்கள் உண்டு. முதல் நாள் அளவையும் ஆறாவது வார அளவையும் கலப்பதும் அதே பாவம். எழுத்து வாசிக்கத் தெரியாத மூதாட்டிக்குத் திசை காட்டும் அட்டை வேண்டும். அவர் எழுத்தறியாததைப் பார்வைக் குறைவாகப் பதியக்கூடாது.

இந்த மாவட்டங்களில் என்னை மிகவும் உறுத்துவது, திரும்பி வராதவர்களின் விஷயம். ஐப்பசியில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை விவசாயி ஆறாவது வாரம் வர வேண்டும் என்றால், அது மாரி மழையின் நடுப்பகுதி. வீதியில் வெள்ளம் நிற்கும். மார்கழியில் செய்தவருக்கு அறுவடை வந்துவிடும். வந்த 70 பேரை வைத்து "90 வீதம் வெற்றி" என்று எழுதும்போது, வராத 30 பேர் எங்கே? கண் நன்றாகத் தெரிந்ததால் வயலுக்குப் போனார்களா, கண் நோவெடுத்துத் தனியார் வைத்தியரிடம் போனார்களா என்பது தெரியாமல் அந்த 90 வீதத்துக்குப் பொருள் இல்லை. வராதவர்கள் எல்லோரும் நலமாக இருப்பதாக எடுத்துக்கொள்வது நமக்குச் சாதகமான ஊகம் மட்டுமே. சேர்க்கும் நாளிலேயே மகனுடைய அல்லது பக்கத்து வீட்டுக்காரருடைய தொலைபேசி எண்ணையும் வாங்கிவைக்கலாம். கற்கையின் காலத்தை வயலின் நாட்காட்டியைப் பார்த்து வகுக்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் வராதவர்களின் வயது, பால், ஊரின் தூரம், சிகிச்சைக்கு முந்தைய பார்வை ஆகியவற்றை வந்தவர்களோடு ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட வேண்டும். பழைய பதிவுகளை வைத்தே செய்துவிடலாம் என்று நினைப்பவர்கள், கிளினிக் கொப்பி நோயாளியின் வீட்டு அலுமாரியில் இருக்கிறது என்பதை முதலில் நினைத்துப் பார்க்கட்டும்.

அரிதான சிக்கல்களை ஆராய ஆசைப்பட வேண்டாம். சத்திரசிகிச்சைக்குப் பின் கண்ணுக்குள் வரும் கிருமித்தொற்றுப் பற்றி ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வு 16,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தது. அதில் தொற்றெனக் கருதப்பட்டவர்கள் 29 பேர்தான். நமது 300 பேரில் ஒருவருக்கும் வரவில்லை என்றால், உண்மையான அளவு 1 வீதம் வரைகூட இருக்கலாம் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது.

ஒப்பீடுகளில் இன்னொரு குழி இருக்கிறது. பயிற்சி வைத்தியர் செய்த சத்திரசிகிச்சைகளிலும் நிபுணர் செய்தவற்றிலும் வில்லையின் பின்புற உறை கிழிந்த (சத்திரசிகிச்சையின்போது நேரும் ஒரு சிக்கல்) வீதத்தை ஒப்பிட்டு, "வேறுபாடு இல்லை, பயிற்சி பாதுகாப்பானது" என்று முடிப்பார்கள். பயிற்சியாளருக்கு இலகுவான கண்களைத்தான் கொடுப்பார்கள் என்பது தியேட்டரில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். முற்றிக் கறுத்த புரை, சுருங்கிய கண்மணி, ஒற்றைக் கண் நோயாளி எல்லாம் நிபுணரின் மேசைக்கே போகும். புரையைச் சிறு வெட்டு வழியாகக் கையால் எடுக்கும் சிறு வெட்டு முறையையும், ஒலியலையால் உடைத்து உறிஞ்சும் ஒலியலை முறையையும் ஒப்பிடும்போதும் இதே சங்கடம்தான்: கடினமான புரையைத் தேர்ந்தெடுத்துச் சிறு வெட்டு முறைக்கு அனுப்பிவிட்டு, அந்த முறையைக் குறை சொல்கிறோம். புரையின் கடினத்தை முதலிலேயே தரப்படுத்திப் பதியாத ஆய்வு இதற்குப் பதில் சொல்ல முடியாது.

கற்பித்தல் பற்றிய ஆய்வுகள் இன்னும் இளகியவை. விரிவுரைக்கு முன் ஒரு வினாத்தாள், பின் அதே வினாத்தாள், புள்ளிகள் கூடின, முறை வெற்றி. எதைச் சொல்லிக்கொடுத்தாலும் புள்ளிகள் கூடத்தான் செய்யும். ஒன்றுமே சொல்லாமல் அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டாலும் கொஞ்சம் கூடும். ஒப்பீட்டுக் குழு வேண்டும். குழுக்கள் மாறி மாறிக் கண் பிரிவுக்கு வரும் இடத்தில், முதல் குழுவின் வினாக்கள் அன்றிரவே வாட்ஸ்அப்பில் அடுத்த குழுவிடம் போய்விடும் என்பதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். "நம்பிக்கை கூடியதா?" என்ற கேள்விக்கு வரும் பதில் திறமையின் அளவு அல்ல. கண்ணின் உட்புறத்தைப் பார்க்கக் கற்பித்தால், பார்வை நரம்பு தெரிந்ததா என்று கேட்காதீர்கள். தெரிந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சில உட்புறப் படங்களைக் காட்டி, இப்போது பார்த்த நோயாளியின் படம் எது என்று எடுக்கச் சொல்லுங்கள். ஆட்டுக்கண்ணில் தையல் பழகும் ஆய்வென்றால், மதிப்பிடுபவருக்கு யார் எந்தக் குழு என்பது தெரியக்கூடாது. புள்ளி போடும் விரிவுரையாளரே மாணவரிடம் சம்மதக் கையொப்பம் வாங்கவும் கூடாது. அவரிடம் மாட்டேன் என்று யார் சொல்லப்போகிறார்கள்?

நோயாளியின் சம்மதத்திலும் கண் நோய்க்கே உரிய ஒரு விசித்திரம் உண்டு. புரை விழுந்த கண், கண்மணியை விரிக்கச் சொட்டு விட்டாயிற்று, சத்திரசிகிச்சைக்கு இன்னும் ஒரு மணி நேரம். அப்போது இரண்டு பக்கப் படிவத்தை நீட்டி "வாசித்துப் பார்த்துக் கையொப்பம் போடுங்கள் அம்மா" என்கிறோம். முந்தைய கிளினிக் நாளிலேயே, உறவினர் ஒருவரையும் வைத்துக்கொண்டு, சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். அம்பாறையில் தமிழிலும் சிங்களத்திலும் படிவம் தேவைப்படும். சத்திரசிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் ஆய்வுக்கான சம்மதம் அல்ல. நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் தரவு சேர்த்த பிறகு பின்திகதியிட்டு வாங்க முடியாது. ஒரு சிகிச்சையை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வாக இருந்தால் முதல் நோயாளியைச் சேர்க்குமுன் பதிவேட்டில் பதிய வேண்டும். இலங்கைக்கென்று அப்படி ஒரு பதிவேடு 2006இலிருந்து இருக்கிறது.

பெயரை நீக்கிவிட்டால் அடையாளம் போய்விடும் என்று நம்புவதும் பிழை. "கொக்கட்டிச்சோலையைச் சேர்ந்த 71 வயதான ஓய்வுபெற்ற அதிபர், ஒரு கண் பிறவியிலேயே பார்வையற்றது" என்று எழுதினால் அந்த ஊரில் யாருக்கும் பெயர் தேவைப்படாது. வயதை 70–74 என்ற வகுப்பாகவும், ஊரை மாவட்டமாகவும் எழுதி, தொழிலை விட்டுவிட்டாலும் ஆய்வின் முடிவு மாறப்போவதில்லை.