நமீபியாவுக்குக் காரெடுத்துப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

யாராவது தங்கள் நமீபியா பயணத் திட்டத்தை அனுப்பிக் கருத்து கேட்டால், நான் முதலில் பார்ப்பது ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைத்தான். பத்தில் எட்டுத் திட்டங்கள் அங்கேயே சொதப்புகின்றன. சன்ஸ்கிரீன், தொப்பி, தண்ணீர் பாட்டிலெல்லாம் நீங்களே எடுத்துக்கொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சரளைச் சாலையைத் தார்ச்சாலைபோல நினைப்பது

இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

நமீபியாவின் பரப்பு சுமார் 8,24,000 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகையோ 30 லட்சம்தான். இவ்வளவு குறைந்த மக்களுக்கு நாடு முழுக்கத் தார் போட முடியாது. பி என்று தொடங்கும் நெடுஞ்சாலைகள் பெரும்பாலும் தார். சி, டி என்று தொடங்குபவை பெரும்பாலும் சரளை. நீங்கள் பார்க்கத் துடிக்கும் இடங்களில் பாதி இந்தச் சரளைச் சாலைகளில்தான் இருக்கின்றன.

நமீப் பாலைவன மணல்மேடுகளுக்கு நுழைவாயிலான செஸ்ரீமிலிருந்து கடலோர நகரமான ஸ்வாகோப்முண்ட் கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர். 'நாலு மணி நேரம் போதும், மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்' என்று கணக்குப் போடுகிறார்கள். சாலிட்டேரில் பெட்ரோல் போட வேண்டும், மகரரேகைப் பலகையில் படம் எடுக்க வேண்டும், கவுப், குய்செப் கணவாய்களில் ஏறி இறங்க வேண்டும். பொழுது சாயத் தொடங்கியதும் கால் தானாக ஆக்சிலரேட்டரை அழுத்தும். சாலை நேராக, காலியாக இருக்கும். நம்மூர்போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம் என்பதால் பழகிய சாலைபோலத் தோன்றும். அதுதான் ஆபத்து.

எனக்குத் தெரிந்த இரண்டு தம்பதிகள் இப்படித்தான் மாட்டினார்கள். ஒரு வளைவில் மணிக்கு 110 கிலோமீட்டரில் போய், சாலையோரம் குவிந்திருந்த சரளையில் சக்கரம் ஏறியதும் பயந்து பிரேக்கை அழுத்தி, ஸ்டியரிங்கையும் வெடுக்கென்று திருப்பியிருக்கிறார் ஓட்டியவர். வண்டி உருண்டுவிட்டது. ஒருவருக்குக் காறை எலும்பு முறிவு. போனில் சிக்னல் இல்லை, அடுத்த வண்டி வரும்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் வந்தது அடுத்த அடி: வாடகை வண்டியில் இருந்த கருவி வேகத்தைப் பதிவு செய்திருந்தது. ஒப்பந்தத்தில் சரளைக்கு 80 என்று இருந்ததால் காப்பீடு கைவிரித்துவிட்டது. வண்டியின் முழு விலையும் அவர்கள் தலையில். 'முழுக் காப்பீடு எடுத்திருந்தோமே' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வேறு வண்டி மோதாமல் தானாகக் கவிழ்வது, அடிப்பாகச் சேதம், டயர், மணலால் வரும் சேதம் இவையெல்லாம் பல ஒப்பந்தங்களில் தனியாக விலக்கப்பட்டிருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள்.

ஓட்டும்போது 80ஐத் தாண்டாதீர்கள், வளைவில் இன்னும் குறையுங்கள். டயர்க் காற்றைச் சரளைக்கு எவ்வளவு குறைக்க வேண்டும் என்று வண்டி கொடுப்பவரிடமே கேளுங்கள். வண்டி வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள். எதிரே வண்டி வந்தால் வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்குங்கள். புழுதியில் சில நொடிகள் எதுவுமே தெரியாது. சரளையில் மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்துத் திட்டம் போடுங்கள். ஒரு நாளைக்கு 300 போதும்.

இருட்டில் ஓட்டுவது

வேண்டாம். குடு என்னும் பெரிய மான் குறுக்கே பாய்ந்தால் கார் தாங்காது.

செஸ்ரீம் வாயிலுக்கு வெளியே தங்குவது

மணல்மேடுகள் இருக்கும் தேசியப் பூங்காவுக்குள் தங்குகிறவர்களுக்குச் சூரியோதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே உள்வாயில் திறக்கும். வெளியே தங்கினால் விடிந்த பிறகுதான். அதன்பின் மணல்மேடுகளுக்கு 60 கிலோமீட்டர் போக வேண்டும், கடைசி 5 கிலோமீட்டர் வெறும் மணல். நாலு சக்கர இழுவை இல்லாத வண்டியை அங்கே இறக்காதீர்கள். நிறுத்திவிட்டு, பூங்காவின் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். மணல்மேடுகளுக்கு நடுவே உள்ள டெட்ஃப்லே என்னும் வறண்ட களிமண் பள்ளத்தில் பல நூறு ஆண்டுகளுக்கு முன் செத்த மரங்கள் இன்னும் மட்காமல் நிற்கின்றன. மணல்மேடுகள் ஆற்றை மறித்ததால் தண்ணீரின்றிச் செத்தவை. காற்றில் ஈரமே இல்லாததால் மட்கவில்லை. வெள்ளைக் களிமண் தரையில் அவற்றின் நிழல் நீளமாக விழும் காலை நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். பத்து மணிக்குப் போனால் சூடுதான் மிச்சம்.

பாலைவனம் என்றால் வெயில் மட்டும்தான் என்று நினைப்பது

ஜூன், ஜூலை இரவுகளில் குளிர் நடுக்கும். ஸ்வாகோப்முண்ட் கரையோரம் பெங்குவேலா என்னும் குளிர்ந்த நீரோட்டம் ஓடுவதால் அங்கே பனிமூட்டம் சர்வசாதாரணம். ஜாக்கெட் இல்லாமல் போகாதீர்கள்.

ஏப்ரல் விடுமுறையில் எட்டோஷா வனவிலங்குப் பூங்கா

நம் பள்ளி விடுமுறைக்கு வசதிதான், ஆனால் அப்போது மழைக்காலம் முடியும் தறுவாய். புல் உயரமாக இருக்கும், விலங்குகள் சிதறிக் கிடக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் நீர்நிலைகளுக்கு அவையே தேடி வரும். ஒகாகுயெயோ முகாமில் இரவு விளக்கு வெளிச்சத்தில் காண்டாமிருகம் தண்ணீர் குடிக்க வருவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்.

பெட்ரோல்

பங்க் கண்ட இடத்தில் நிரப்புங்கள், பாதி டேங்க் இருந்தாலும்.

ஹிம்பா பழங்குடிப் பெண்களைப் படமெடுப்பது

கேட்காமல் எடுக்காதீர்கள். வேண்டாம் என்றால் கேமராவைப் பைக்குள் வையுங்கள்.