சாம்பிள் கேக்கைப் பெட்டி பிரித்த கையோடு வாயில் போடாதீர்கள்

போன வாரம் கீழ் வீட்டுப் பெண், மாமியாரின் அறுபதாவது பிறந்தநாளுக்காகக் கோவை, பெங்களூரு, சென்னை என்று நாலு கடைகளில் சாம்பிள் கேக் வரவழைத்திருந்தாள். கூரியர் பையன் படி இறங்கி முடிக்கவில்லை, இவள் டேப்பைக் கிழித்து ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "இது வேண்டாம்க்கா, மெழுகைக் கடிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், நீலகிரி மலை மேலிருக்கும் இதே கோத்தகிரியில், இதே வார்த்தையை நானும் சொன்னேன். அதற்குக் கொடுத்த விலை இன்னும் உறுத்துகிறது.

முகவரியைச் சரியாக எழுதுங்கள், கேக் மேல் எழுதும் பெயரில் பிழை இருக்கிறதா பாருங்கள், முட்டை சேர்த்ததா என்று கேளுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். வெளியூர் கேக்கை மலையில் வரவழைத்து ருசி பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

குளிரக் குளிர ருசி பார்ப்பது

அப்பாவுக்கு எழுபது, ஜனவரி மாதம். ஐந்து கடைகளின் சாம்பிள் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. ராத்திரி ஏழு மணிக்கு எல்லோரும் ஸ்வெட்டரும் குல்லாயுமாகச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். அதில் ஒன்று அசல் வெண்ணெய் கேக், மேலே பட்டர் கிரீம். நாக்கில் கரையவே இல்லை, மேலண்ணத்தில் போய் அப்பிக்கொண்டது. இனிப்பும் பத்தவில்லை. இன்னொன்று எண்ணெயில் செய்த ஸ்பாஞ்ச். பஞ்சு மாதிரி இருந்தது. ஒரே குரலாக அதையே தேர்ந்தெடுத்தோம். "சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போடுங்க" என்று நான் அதிகப்பிரசங்கித்தனமாக வேறு சொல்லி, மூன்று கிலோவுக்கு முழுப் பணமும் கட்டினேன்.

மறுநாள் காலையில் மீந்த வெண்ணெய் கேக்கை அடுப்பு மேடையில் இட்லிப் பானைக்குப் பக்கத்தில் பார்த்தேன், யாரோ வைத்திருக்கிறார்கள். வீணாக்குவானேன் என்று கிள்ளி வாயில் போட்டேன். வாயில் கரைந்தது. அப்படியே நின்றுவிட்டேன். கடைக்குப் போன் செய்தால், "ஆர்டர் எடுத்தாச்சு மேடம், பணம் திரும்ப வராது" என்றார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பிறந்தநாளன்று அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ரொம்பத் தித்திக்குதேம்மா" என்றார். அதோடு தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

நடந்தது இதுதான். வெண்ணெய் வாயில் உருக 32 முதல் 35 டிகிரி வேண்டும். சும்மா மெத்தென்று இளகி இருப்பதற்கே கிட்டத்தட்ட 20 டிகிரி வேண்டும். சூரியகாந்தி மாதிரி எண்ணெய் அந்தக் குளிரிலும் இறுகாது. ஆகவே குளிரில் போட்டி வைத்தால் எண்ணெய் கேக்தான் ஜெயிக்கும், ருசியே இல்லாவிட்டாலும். போதாததற்கு, குளிர்ந்த பண்டத்தில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவதும் இதனால்தான். நான் கூடுதலாகப் போடச் சொன்ன சர்க்கரை, விளக்கும் ஜனக்கூட்டமுமாக ஹால் சூடேறிய பிறகுதான் தன் வேலையைக் காட்டியது.

"ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் வெளியே வையுங்கள்" என்று கடைக்காரர்கள் சீட்டில் அச்சடித்து அனுப்புவார்கள். அவர்கள் சொல்லும் வெளி சமவெளியின் வெளி. ஜனவரி ராத்திரியில் எங்கள் ஹாலில் தெர்மாமீட்டர் 13 காட்டும். ஒரு மணி நேரம் என்ன, விடிய விடிய வைத்தாலும் கேக் இளகாது.

நான் இப்போது செய்வது: கேக் வந்த தெர்மாகோல் பெட்டியிலேயே ஜெல் பேக்கை எடுத்துவிட்டு, இறுக மூடிய வெந்நீர் பாட்டில் ஒன்றைத் துணி சுற்றி ஓரமாக வைப்பேன். கேக்கின் உறையைப் பிரிக்க மாட்டேன். பிரித்தால் காற்றின் ஈரம் முழுக்கக் குளிர்ந்த கேக் மேல்தான் வேர்க்கும். உறை இருந்தால் வேர்வை அதோடு நின்றுவிடும். சாம்பிள் துண்டுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். கிரீமில் விரல் வைத்தால் லேசாகப் பதிய வேண்டும், அதுதான் கணக்கு. மூன்று கிலோ கேக் நடுப்பகுதி வரை சூடேற அரை நாள் பிடிக்கும், அதையும் யோசித்து வையுங்கள். மைக்ரோவேவ் பக்கம் போகவே வேண்டாம். ஃபிரெஷ் கிரீம் கேக்குக்கும் மூஸுக்கும் இந்த வைத்தியம் ஆகாது. அவை குளிராகவே சாப்பிட வேண்டியவை.

கோவையிலேயே தின்று பார்த்து முடிவெடுப்பது

என் நாத்தனார் செய்த வேலை. கடையில் சாப்பிட்ட கேக் மலை ஏறவில்லை. ஏப்ரல் வெயிலில் மேட்டுப்பாளையத்தில் உருகும் கிரீம், கோத்தகிரி வருவதற்குள் திரும்ப இறுகிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, வாயில் மணல் மாதிரி நெறுநெறுக்கும். சாக்லேட்டாக இருந்தால் மேலே வெள்ளைப் படலம் பூக்கும். பூஞ்சை என்று தூக்கிப் போடாதீர்கள், உள்ளிருக்கும் கொழுப்பு மேலே வந்து படிந்தது அது. சாம்பிளும் அசலும் அதே கூரியரில், அதே மாதத்தில் வரட்டும்.

மூடி உப்பியிருந்தால் பயப்படுவது

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சென்னையில் சீல் வைத்த புட்டிங் கப் மலைக்கு வந்து பலூனாக நிற்பது இயற்கை. முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை அடித்தால் குப்பைக்கு. திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், என் சேலை ஒன்று அப்படித்தான் போனது.

ஐந்தையும் அடுத்தடுத்து விழுங்குவது

மூன்றாவதற்கு மேல் நாக்கு மரத்துவிடும். நடுவில் பாலும் சர்க்கரையும் இல்லாத சூடான டீ ஒரு மடக்கு குடியுங்கள். தேயிலைக்கு இங்கே பஞ்சமா? ஊட்டி வர்க்கி பிஸ்கட்டைத் தொட்டுக்கொள்ளாதீர்கள், அப்புறம் எந்தக் கேக்கும் எடுபடாது.

டிரை ஐஸைக் கையால் எடுப்பது

கேக் குளிராக இருக்கப் பெட்டியில் வைத்து அனுப்பும் டிரை ஐஸ் மைனஸ் 78 டிகிரி. தோல் வெந்துபோகும்.

மே மாதப் பிறந்தநாள்

மலர்க் கண்காட்சி, நெரிசல், ஒருவழிப் பாதை. கேக் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. உள்ளூர் பேக்கரியில் சொல்லிவிடுங்கள்.