மணலிலேர்ந்து மணாலிக்கு ஜனவரில கார்ல போறீங்களா, கிளம்பறதுக்கு முன்னாடி இத படிங்க

போன ஜனவரில திருவொத்தியூர்லேர்ந்து மணாலிக்கு சொந்த வண்டிலயே போய்ட்டு வந்தோம், நான், வூட்ல, மச்சான், அவன் பையன், நாலு பேரு. ஒரு வழிக்கே கிட்டத்தட்ட 2,700 கிலோமீட்டர். அம்மா கிட்ட சொன்னப்ப "இன்னாடா, இங்க இருக்கற மணலிக்கு போறதுக்கா இவ்ளோ மூட்ட கட்றீங்க"ன்னு கேட்டுச்சு. வந்ததுலேர்ந்து யாராவது ஒருத்தர் நாங்களும் போலாம்னு இருக்கோம்பா, இன்னா ரெடி பண்ணணும்னு கேட்டுக்கினே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்ல முடியல, அதான் மொத்தமா எழுதிடறேன்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. நம்ம வண்டி குளுருன்னா இன்னான்னே தெரியாத வண்டி. மார்கழில இங்க 20 டிகிரிக்கு கொஞ்சம் கீழ போனாலே நாம மப்ளர் கட்டிக்கினு டீக்கடைல நிக்கறவங்க. வடசென்னைல வண்டிக்கு தண்ணியால வர்ற பிரச்சனைன்னா வியாசர்பாடி சப்வேல முட்டி அளவு நிக்கற தண்ணி தான், அது வெளிலேர்ந்து உள்ள வரும். அங்க அப்டி இல்ல, வண்டிக்குள்ள எங்கெல்லாம் தண்ணி இருக்கோ அது ஒவ்வொண்ணா கல்லாவும். அதனால ரெடி பண்றதுன்னா வண்டில எங்கெங்க தண்ணி இருக்குன்னு தேடிப் போறது தான், வேற ஒண்ணும் பெரிய வித்தை இல்ல.

ரேடியேட்டர்லேர்ந்து ஆரம்பிங்க. நம்ம பக்கம் கூலண்ட் கொறஞ்சா கேன் தண்ணி ஊத்தி மூடி போட்டு அனுப்பிடுவாங்க, சென்னை வெயிலுக்கு அது எப்டியோ ஓடிடும். தண்ணி உறைஞ்சா சுமாரா 9 சதவீதம் பெருசாவும், இஞ்சின் பிளாக்குக்குள்ள அது பெருசாவறதுக்கு எடம் கெடையாது, இரும்பு தான் வெடிக்கணும். என் வண்டிய ரெகுலரா பாக்கற ஆள் (பேரு வேணாம்) "கூலண்ட் எல்லாம் சோக்கா இருக்கு, தைரியமா போ"ன்னு சொல்லிட்டாரு, டெல்லில ஒரு மெக்கானிக் ஹைட்ரோமீட்டர் போட்டு பாத்துட்டு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு, உள்ள இருந்தது முக்காவாசி பச்சத் தண்ணி. அங்கயே மொத்தமா இறக்கி ஃப்ளஷ் பண்ணி புதுசு ஊத்துனோம், அரை நாள் போச்சு. நீங்க இங்கயே பண்ணிடுங்க. கூலண்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்தா மைனஸ் 35 டிகிரி கிட்ட வரைக்கும் உறையாது. ரெடிமிக்ஸா வர்றத வாங்குனா அதுல திரும்ப தண்ணி கலக்காதீங்க, டப்பா மேலயே போட்டிருக்கும்.

அடுத்து வைப்பர் தண்ணி. இத யாருமே யோசிக்க மாட்டாங்க, நானும் யோசிக்கல. குலு தாண்டி காலைல போறப்ப முன்னாடி போன லாரி சேறு அடிச்சுது, நான் பழக்க தோஷத்துல லீவர இழுத்துட்டேன், தண்ணி கண்ணாடில பட்டதும் அப்டியே வெள்ளையா படிஞ்சு ஐஸாயிடுச்சு, ஒண்ணுமே தெரியல. நாலஞ்சு செகண்ட் தான், ஆனா ஒரு பக்கம் பியாஸ் ஆறு. டாங்கிய சுத்தமா காலி பண்ணிட்டு உறையாத வாஷர் லிக்விட் ஊத்துங்க, பாட்டில்ல எத்தன டிகிரி வரைக்கும்னு போட்டிருக்கும், பாத்து வாங்குங்க. ராத்திரி நிறுத்துறப்ப வைப்பர தூக்கி வெச்சிடுங்க, இல்லன்னா ரப்பர் கண்ணாடியோட ஒட்டிக்கும், காலைல இழுத்தா கிழிஞ்சு கைல வந்துடும். கண்ணாடில ஐஸ் புடிச்சிருந்தா சுடுதண்ணி மட்டும் ஊத்தவே கூடாது, ஹோட்டல் பையன் கெட்டில எடுத்துக்கினு ஆசையா ஓடி வருவான், வேணாம்னு சொல்லிடுங்க, கண்ணாடி விரிசல் விட்டுடும். ஹீட்டர ஓட விட்டு பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால சொரண்டுங்க.

ஹீட்டர்னு சொன்னேன்ல, உங்க வண்டில அது வேல செய்யுதான்னு தெரியுமா? வாங்குனதுலேர்ந்து அந்த சிவப்பு பக்கம் திருப்பியே இருக்க மாட்டோம். ஒரு நாள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல அரை மணி நேரம் ஹீட்டர் போட்டு ஓட்டிப் பாருங்க, வேர்த்து ஊத்தும், பரவால்ல. உள் கண்ணாடில ஆவி புடிச்சா ஹீட்டரோட ஏசியையும் சேத்து போடணும், ஏசி காத்துல இருக்கற ஈரத்த இழுத்துடும்.

டீசல் வண்டிக்காரங்க இத நல்லா கவனிங்க. நாம ரிஃபைனரி வாசனையிலயே வளந்தவங்க, ஆனா டீசல் உறையும்னு எனக்கு அங்க போய் தான் தெரிஞ்சுது. டீசல்ல மெழுகு இருக்கு, குளுருல அது கெட்டியாகி ஃபில்டர அடைச்சுக்கும், வண்டி கொக்கொக்னு இழுத்துட்டு நின்னுடும். இந்தியாவுல டீசலுக்கு கோடைக்கு ஒரு தரம், குளிர்காலத்துக்கு ஒரு தரம்னு இருக்கு. லடாக் மாதிரி எடத்துக்குன்னே மைனஸ் 33 டிகிரி வரைக்கும் தாங்கற டீசல இந்தியன் ஆயில் 2019 நவம்பர்ல எறக்குச்சு, பானிபட் ரிஃபைனரில தயாராவறது. அதனால தெக்க போட்ட டீசல டாங்க்ல வெச்சுக்கினே மலை ஏறாதீங்க, சண்டிகர் போறதுக்குள்ள நல்லா தீத்துட்டு அங்க ஃபுல் பண்ணுங்க, மண்டிலயோ குலுலயோ இன்னொரு வாட்டி டாப் அப் பண்ணுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ஃபில்டர மாத்திடுங்க, பழைய ஃபில்டர்ல தேங்கற தண்ணி தான் மொதல்ல உறையும். பழைய லாரிக்காரங்க மண்ணெண்ணெய் கலப்பாங்க, டாங்க்கு அடில துணி கொளுத்துவாங்கன்னு யாராவது ஐடியா குடுத்தா சிரிச்சுட்டு நகந்துடுங்க, இப்ப இருக்கற டீசல் கார் இஞ்சின்ல (காமன் ரெயில்னு சொல்லுவாங்க) மண்ணெண்ணெய் போனா பம்ப்பும் இன்ஜெக்டரும் தேஞ்சு போவும், செலவு தாங்காது. ஆட்ப்ளூ (பொகைய சுத்தம் பண்றதுக்கு தனி டாங்க்ல ஊத்தறது) ஊத்தற வண்டின்னா அது மைனஸ் 11லயே உறையும், ஆனா அதுக்கு டாங்க்லயே ஹீட்டர் வெச்சிருப்பாங்க, பயப்பட வேணாம்.

பேட்டரி மூணு வருஷம் தாண்டிடுச்சுன்னா யோசிக்காம மாத்துங்க. பேட்டரிய கெடுக்கறது நம்மூர் வெயிலு, ஆனா அது கெட்டுப் போச்சுன்னு காட்டிக் குடுக்கறது அங்க இருக்கற குளுரு. சார்ஜ் எறங்குன பேட்டரி உள்ள இருக்கற ஆசிட்டோட உறையவும் செய்யும். ஜம்பர் கேபிள் ஒண்ணு வாங்கிப் போட்டுக்கங்க, புதுப்பேட்டைல கிடைக்கும், மெல்லிசா சீப்பா இருக்கறது வேணாம். இஞ்சின் ஆயில் 15டபிள்யூ-40 ஓடுதுன்னா மேனுவல்ல 5டபிள்யூ-30 அனுமதி இருக்கான்னு பாத்து மாத்திடுங்க, அந்த டபிள்யூ விண்ட்டர் தான், முன்னாடி இருக்கற நம்பர் கொறஞ்சா குளுருல ஆயில் சீக்கிரம் ஓடும்.

டயர். காத்து குளுர்ந்தா பிரஷர் எறங்கும், 5, 6 டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐன்னு வெச்சுக்கங்க. சென்னைல 33 வெச்சுக்கினு கிளம்புனா மணாலில காலைல பாக்கறப்ப அத விட கொறச்சலா காட்டும், பஞ்சர்னு பதறாதீங்க, வண்டி ஓடாதப்ப செக் பண்ணி கம்பெனி சொன்ன அளவுக்கு ஏத்திக்கங்க. பட்டன் தேஞ்ச டயரோட போறதா இருந்தா போகவே வேணாம், அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

பனில வழுக்காம இருக்க டயர சுத்தி மாட்டற இரும்பு செயின் ஒண்ணு வேணும், அத வாங்கறப்ப டயர் சைட்ல எழுதியிருக்கற நம்பர் அப்டியே மேட்ச் ஆவணும், என்னுது 205/65 ஆர் 16. எந்த வீல் இழுக்குதோ அந்த வீலுக்கு தான் செயின், ஸ்விஃப்ட், ஐ20 மாதிரி வண்டிக்கு முன்னாடி, இன்னோவா கிரிஸ்டாவுக்கு பின்னாடி. என்னுது பின் வீல் இழுக்கற வண்டி தான், மச்சான் முன்னாடி போட சொல்லி ஒரே சண்ட. வூட்டு வாசல்லயே ரெண்டு வாட்டி மாட்டிப் பழகுங்க, நான் மாட்டறப்ப தெருவே வந்து வேடிக்க பாத்துச்சு, "இன்னாணா, வண்டிக்கு கொலுசா"ன்னு பசங்க கேட்டானுங்க. ஆனா பனில, வெரல் மரத்துப் போய் வெளிச்சமும் இல்லாதப்ப மொத மொத மாட்டக் கத்துக்கறது அத விட பேஜாரு. மாட்டி பத்து மீட்டர் ஓட்டி நிறுத்தி திரும்ப இறுக்கணும். 30, 40க்கு மேல போவாதீங்க, பனி முடிஞ்சு தார் ரோடு வந்ததும் கழட்டிடணும். பனி கொட்டுறப்ப சோலங் தாண்டி அடல் டன்னல் பக்கம் போறதுக்கு ஃபோர் பை ஃபோர் இல்லன்னா செயின் இருந்தா தான் போலீஸ் விடுவாங்க, சில நேரம் யாரையும் விட மாட்டாங்க. டன்னல் 9 கிலோமீட்டர், 2020 அக்டோபர்ல தொறந்தது, இந்தப் பக்கம் வெயில் அடிச்சுக்கினு இருக்கும், அந்தப் பக்கம் வெளிய வந்தா பனி கொட்டிக்கினு இருக்கும். உள்ள போறதுக்கு முன்னாடியே அந்தப் பக்கத்து நெலம கேட்டுக்கங்க.

ரூட்டு, நாங்க போனது நெல்லூர், ஓங்கோல், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா. நாக்பூர் வரைக்கும் பிரச்சனையே இல்ல. ஜான்சி தாண்டுனா தான் உஷாரு, ஏன்னா பனிய விட மூடுபனி தான் ஆள கொல்றது. டிசம்பர், ஜனவரில ஆக்ராலேர்ந்து அம்பாலா வரைக்கும் விடியக்காலைல பானெட்டே தெரியாது சில நாளு. யமுனா எக்ஸ்பிரஸ்வேல கார் ஸ்பீட் லிமிட்டையே குளிர்காலத்துல 100லேர்ந்து 75க்கு கொறச்சிடுவாங்க. நம்மாளுங்க விடியக்காலைல நாலு மணிக்கு கிளம்புனா ட்ராஃபிக் இல்லன்னு சொல்லுவாங்க, அங்க அந்தப் பழக்கத்த விட்டுடுங்க, நாஷ்டாவ நிதானமா துன்னுட்டு பத்து மணிக்கு கிளம்பி பொழுது சாயறதுக்குள்ள ரூம் போட்டுடுங்க. ஹை பீம் போட்டா வெள்ளை சுவரு மாதிரி திருப்பி அடிக்கும், லோ பீமும் ஃபாக் லேம்ப்பும் போதும். ஒண்ணுமே தெரியலன்னா ரோட்டோரமா நிறுத்தாதீங்க, பின்னாடி வர்றவன் உங்க டெய்ல் லேம்ப்ப நம்பி தான் வரான், தாபாவோ பங்க்கோ பாத்து முழுசா உள்ள ஏத்தி நிறுத்துங்க. இன்னொண்ணு, டெல்லில காத்து ரொம்ப கெட்டுப் போச்சுன்னா க்ராப்னு ஒரு கட்டுப்பாடு வரும், மூணாவது கட்டம் வந்தா பிஎஸ் 4 டீசல் காரும் பிஎஸ் 3 பெட்ரோல் காரும் ஓட்டக்கூடாது. பழைய வண்டின்னா கிளம்பற அன்னிக்கு நியூஸ் பாத்துக்கங்க.

பனில ஓட்டறதப் பத்தி காசிமேட்டு ஆளுங்களுக்கு நான் ஒண்ணும் சொல்லத் தேவையில்ல. விடியக்காலைல ஏலம் நடக்கறப்ப தரையெல்லாம் மீன் தண்ணியும் ஒடச்ச ஐஸும் கெடக்கும், அதுல எப்டி நடப்போம், பாதத்த மொத்தமா பதிச்சு சின்ன சின்ன அடியா, திடீர்னு திரும்பாம, ஓடாம. வண்டியும் அப்டித் தான். ரெண்டாவது கியர்ல மெதுவா எடுங்க, எறக்கத்துல கியர்லயே எறங்குங்க, ப்ரேக்க மெதுவா அமுக்குங்க, முன் வண்டிக்கு நாலு மடங்கு எடம் விடுங்க. பாலத்து மேலயும் மலை நிழல் விழற வளைவுலயும் ரோடு ஈரமா இருக்கற மாதிரி பளபளன்னு தெரிஞ்சா அது ஈரம் இல்ல, ஐஸ். ராத்திரி நிறுத்துறப்ப ஹேண்ட் ப்ரேக் போடாதீங்க, சம தரையா பாத்து கியர்ல விட்டு கல்லு வைங்க. எனக்கு காலைல ஹேண்ட் ப்ரேக் ஒட்டிக்கினு வண்டி நகரவே இல்ல, பத்து மணி வெயில் வர்ற வரைக்கும் உக்காந்து பரோட்டா துன்னுக்கினு இருந்தோம்.

மாட்டிக்கினா இன்னா பண்றது. 2022 ஜனவரில பாகிஸ்தான்ல மர்ரின்ற மலை ஊர்ல பனில கார்ங்க மாட்டிக்கினு 20 பேருக்கு மேல செத்துட்டாங்க, அதுல நெறைய பேரு கார்பன் மோனாக்சைடால. சைலன்ஸர பனி மூடிடும், ஹீட்டருக்காக இஞ்சின் ஓடிக்கினே இருக்கும், பொகை உள்ள வரும், வாசனையே இருக்காது, தூக்கத்துலயே முடிஞ்சுடும். அதனால மாட்டிக்கினா மொத வேலையா எறங்கி சைலன்ஸர சுத்தி பனிய தள்ளுங்க, ஒரு மணி நேரத்துக்கு பத்து நிமிஷம் மட்டும் இஞ்சின் ஓட விடுங்க, ஒரு கண்ணாடிய ரெண்டு வெரல் அளவுக்கு எறக்கி வைங்க, ஒருத்தர் கண்டிப்பா முழிச்சிருக்கணும். வண்டிய விட்டுட்டு நடந்து போலாம்னு கிளம்பாதீங்க, 112க்கு அடிங்க. மலைல இருக்கறப்ப டாங்க் எப்பவும் பாதிக்கு மேல இருக்கணும்.

டிக்கில சின்ன மண்வெட்டி, பழைய கோணி ரெண்டு (வீல் சுத்துனா அடில போட), டார்ச், கம்பளி ஆளுக்கு ஒண்ணு, தண்ணி, கடல மிட்டாய், கை கிளவுஸ் ரெண்டு ஜோடி. கம்பளியும் திங்கறதும் டிக்கில வேணாம், சீட் பக்கத்துலயே வைங்க. பவர் பேங்க்க சட்டைக்கு உள்ள வெச்சுக்கங்க, குளுருல அதுவும் படுத்துடும். ஸ்வெட்டர் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்ல தேடி நேரத்த வீணாக்காதீங்க, டெல்லில நல்லதா கிடைக்கும், ஒரே தடிப்பா ஒண்ணு போடறத விட மெல்லிசா மூணு மேல மேல போடறது தான் தாங்கும். அப்புறம் மச்சான்மாருங்களுக்கு, குளுருக்கு ஒரு கட்டிங் போட்டா ஒடம்பு சூடாவும்றது பொய்யி, தோலு தான் சூடாவற மாதிரி தெரியும், உள் சூடு வெளிய போய்டும். ஓட்டறவன் தொடவே கூடாது, அத தனியா சொல்லணுமா.

திரும்பி வர்றப்ப சமவெளிக்கு எறங்குனதும் டயர் காத்த பாத்து கொறச்சுக்கங்க. வூட்டுக்கு வந்ததும் செயின நல்ல தண்ணில கழுவி காய வெச்சு எண்ணெய் தடவி வைங்க, நம்ம ஏரியா உப்புக் காத்துக்கு ஒரே மாசத்துல துரு ஏறிடும். என்னுது மாடிப்படிக்கு கீழ கோணில சுத்தி வெச்சிருக்கேன், சைஸ் மேல சொல்லிட்டேன், தெரிஞ்சவங்க யாராவது போறதா இருந்தா வந்து எடுத்துக்கினு போங்க, எண்ணெய் தடவி திருப்பிக் குடுத்தா போதும்.