ஜார்ஜியாவில் படம் எடுத்தால் 30% டாக்ஸ் கிரெடிட்: கணக்குப் போடுவது எப்படி?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சட்டங்களைத் தேடினால் முதலில் வருவது விசித்திரச் சட்டங்களின் பட்டியல்தான். கெய்ன்ஸ்வில் நகரில் பொரித்த கோழியைக் கையால்தான் சாப்பிட வேண்டும் என்று 1961-இல் போட்ட விதி அதில் தவறாமல் இருக்கும். கோழி வியாபாரத்துக்கு விளம்பரமாகப் போட்டது அது. எனக்கு அதைவிட விசித்திரம் அங்குள்ள சினிமா வரிச் சட்டம். செலவில் 20% டாக்ஸ் கிரெடிட், அதாவது கட்ட வேண்டிய மாநில வரியில் கழித்துக்கொள்ளும் தொகை. மாநிலத்தின் பீச் பழ லோகோவைப் படத்தில் காட்டினால் இன்னும் 10%. அந்தக் கிரெடிட்டை சினிமாவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு விற்கவும் செய்யலாம்!

அட்லாண்டாவில் ஒரு சின்னத் தமிழ்ப் படத்துக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்த அனுபவத்தில் எழுதுகிறேன். கம்பெனிப் பதிவு, வங்கிக் கணக்கெல்லாம் முடித்திருப்பீர்கள்.

படி 1: சான்றிதழ். படப்பிடிப்புக்கு முன்பே மாநிலப் பொருளாதார வளர்ச்சித் துறையின் சினிமா அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். பாடம் நடத்தும் வீடியோ, நிறுவன வீடியோ, உள்ளூர் நிகழ்ச்சிப் பதிவு எதுவும் செல்லாது.

படி 2: 5 லட்சம் டாலர் வரம்பு. எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். குறைந்தபட்சச் செலவு 5 லட்சம் டாலர் என்றால் மொத்த பட்ஜெட் அல்ல. ஜார்ஜியாவுக்குள் செய்த, தகுதியுள்ள செலவு மட்டும்.

பட்ஜெட் 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். எடிட்டிங், இசை எல்லாம் சென்னையில், 90,000. அது கழிந்தது. விளம்பரத்துக்கு 20,000. அதுவும் சேராது. மிச்சம் 4,90,000. அப்படியானால் கிரெடிட் கொஞ்சம் குறையும் என்று நினைக்காதீர்கள், ஒரு டாலர்கூடக் கிடைக்காது. எடிட்டிங், இசை இரண்டையும் அட்லாண்டாவிலேயே அதே செலவில் முடித்தால் 5,80,000. அதில் 30% என்றால் 1,74,000 டாலர். சென்னையில் மலிவு என்று முடிவெடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வரம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறதா? ஒரே கம்பெனி அதே வரியாண்டில் எடுக்கும் இன்னொரு படைப்பின் செலவையும் சேர்த்துக் காட்டலாம்.

படி 3: ரசீது. பெரிய அக்கவுண்டிங் மென்பொருள் எல்லாம் இந்த அளவுப் படத்துக்கு வீண் செலவு. கூகுள் ஷீட்ஸ் போதும். ஆனால் "விற்றவர் முகவரி" என்று ஒரு பத்தி கட்டாயம் இருக்கட்டும். கடைக்கு ஜார்ஜியாவில் நிஜமான இடமும் ஆளும் இருக்க வேண்டும். வெளிமாநிலப் பொருளுக்கு இங்கிருந்து பில் மட்டும் போட்டுத் தருகிறவர் உதவ மாட்டார். படத்துக்கென்று தனி டெபிட் கார்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: லோகோ. முழுநீளப் படமென்றால் கடைசியில் தொழில்நுட்பக் குழுவின் பெயர்கள் ஓடுவதற்கு முன் வர வேண்டும். படத்தின் இணையதளத்தில் மாநிலச் சுற்றுலாப் பக்கத்துக்கு இணைப்பும் வேண்டும். எடிட்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

படி 5: கணக்குத் தணிக்கை, விற்பனை. 2020-இல் வந்த திருத்தம் தணிக்கையைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. 2023 முதல் சின்னப் படங்களுக்கும் உண்டு. அது முடிந்து இறுதிச் சான்றிதழ் வராமல் கிரெடிட்டைப் பயன்படுத்தவோ விற்கவோ முடியாது. சின்னக் கம்பெனிக்கு மாநில வரியே அதிகம் இருக்காது என்பதால் விற்பதுதான் வழி. முகமதிப்பைவிடக் குறைத்துத்தான் வாங்குவார்கள். டாலருக்கு 88 சென்ட் என்றால் 1,74,000-க்குக் கையில் வருவது 1,53,120. தரகர் கமிஷன், தணிக்கைக் கட்டணம் தனி. இந்தப் பணத்தை நம்பிப் படப்பிடிப்பைத் தொடங்காதீர்கள், வர நாளாகும்.

பின்சேர்க்கை: சென்னையிலிருந்து நடிகரை அழைத்துவரும் டிக்கெட் சேருமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஜார்ஜியாவில் உள்ள டிராவல் ஏஜென்சி மூலம் எடுத்தால் சேரும். அப்புறம், நடிகர் தன் சொந்தக் கம்பெனி பெயரில் சம்பளம் வாங்கினால் மாநில வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அந்தச் சம்பளம் கணக்கில் வராது.