பாம்பு கடித்து இறந்தவரின் குடும்பம் நிதி பெற முதல் நாளே செய்ய வேண்டியவை

நாகப்பட்டினம் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாம்புக்கடிச் சாவுக்கு நிதி கேட்டு வருகிறவர்கள் பலர், உடலை எரித்துவிட்டுத்தான் வருவார்கள். பிரேதப் பரிசோதனை நடந்திருக்காது. அதன் பிறகு தாசில்தார் நினைத்தாலும் எதுவும் செய்வது கடினம். எனவே எவ்வளவு துக்கத்திலும் பிரேதப் பரிசோதனை இல்லாமல் அடக்கம் செய்துவிடாதீர்கள்.

"போன உயிர் போய்விட்டது, உடம்பை ஏன் அறுக்க வேண்டும்" என்று பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். அந்த வேதனை நியாயமானதுதான். ஆனால் அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மைத்துனரோ சித்தப்பாவோ, நிதானமாக இருக்கும் ஒருவர் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கே படுத்திருந்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன சொன்னார் என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். பாம்பைப் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே எழுதுங்கள். இயற்கைக்கு மாறான மரணம் என்று, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் பதிவு செய்வார்கள். பழைய சட்டத்தில் இது 174ஆம் பிரிவாக இருந்தது. முதல் தகவல் அறிக்கையின் நகலை அன்றே கேட்டு வாங்குங்கள்.

கட்டுவிரியன் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரை இரவில் கடிக்கும். வலியும் வீக்கமும் அதிகம் இராது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார், இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு அடங்கும். ஊரார் மாரடைப்பு என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்த அறிகுறிகளைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் காவலரிடமும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

உயிர் இருக்கும்போதே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அந்தப் பதிவின் நகலை ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் தெரியும். அதில் 'அடையாளம் தெரியாத கடி' என்று மட்டும் இருந்தால் பின்னால் தகராறு வரும். அதனால் சேர்க்கும்போதே தெரிந்ததை விளக்கமாகச் சொல்லுங்கள். மந்திரிப்பவரிடம் போய் நேரத்தைத் தொலைக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் உயிர்தான். விஷமுறிவு மருந்து மருத்துவமனையில்தான் இருக்கிறது.

உடல் உள்ளுறுப்புகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பினால் இறுதி அறிக்கை வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை விண்ணப்பிக்காமல் காத்திருக்க வேண்டாம்.

இனி பணம். இறந்தவரின் வங்கிப் பாஸ்புக்கை எடுத்து, மே மாதக் கடைசி வரிகளைப் பாருங்கள். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீட்டுத் திட்டம். விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய். பாம்புக்கடியும் இதில் விபத்துதான், ஆனால் உடனடி மருத்துவமனைப் பதிவு ஆதாரமாக வேண்டும். 18 முதல் 70 வயது வரை பொருந்தும். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது ஜீவன் ஜோதி பீமா என்ற ஆயுள் காப்பீடு, அதிலும் தனியாக 2 லட்சம். இரண்டும் இருந்தால் இரண்டையும் கேட்கலாம். 30 நாளுக்குள் அந்த வங்கிக் கிளையிலேயே படிவம் கொடுங்கள். தரகருக்கு ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை.

நிலமற்ற விவசாயத் தொழிலாளியோ சிறு விவசாயியோ என்றால், முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். மருத்துவமனையில் இறந்தால் அந்த ஊரில்தான் பதிவு. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் பாஸ்புக்கிலும் பெயர் ஒரே மாதிரி இல்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மனுக்கள் அதிகமாகத் திரும்பி வருவது இதனால்தான்.

உத்தரப் பிரதேசத்திலும் ஒடிசாவிலும் பாம்புக்கடியை மாநிலப் பேரிடராக அறிவித்து 4 லட்சம் தருகிறார்கள். தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது, நல்ல காரியம். அந்த 4 லட்சமும் இங்கே வர வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லி நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

எந்தத் திட்டத்திலும் பெயர் இல்லாத குடும்பம் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் முதலமைச்சரின் பொது நிவாரண நிதி கேட்டு மனு கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை இணைத்து, மனு எண் எழுதிய ஒப்புகைச் சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.