பழைய விலையைப் பிடித்துத் தொங்காதீர்கள்

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் நான். இப்போது எங்கள் தெருப் பையன்கள் போனை நீட்டி, "மாமா, இந்த ஷேரை என்ன பண்றதுங்க?" என்று கேட்டு வருகிறார்கள். ஷேர் எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் யோசிக்கிற விதம் நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் மண்டித் திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் யோசித்த அதே கோணல் யோசனை. ஓடிபி சொல்லாதே, படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். மற்ற தப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பார்த்த விலையை மறக்காமல் இருப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். 2010 கடைசியில் மஞ்சள் குவிண்டால் 17,000 ரூபாய் அளவுக்குப் போனது. விற்காதவர்கள், 20,000 வரட்டும் என்று குடோனில் அடுக்கினார்கள். 12,000-க்கு இறங்கியபோது, "அஞ்சாயிரம் நட்டத்துக்கு விக்கறதுங்களா?" என்றார்கள். என்ன நட்டம்? சாகுபடிச் செலவு போக அப்போதும் நல்ல லாபம்தான். கைக்கே வராத 17,000-ஐ வந்ததாக எண்ணி அதிலிருந்து கழித்துப் பார்த்தால் எல்லாமே நட்டம்தான். 2012-இல் 4,000 பக்கம் வந்த பிறகும் அதே பேச்சு.

தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெரியவர், அவ்வப்போது குடோனுக்கு வந்து மூட்டைக்குள் கையை விட்டு ஒரு விரலியை எடுத்து ஒடித்துப் பார்ப்பார். ஆரம்பத்தில் டக்கென்று ஒடியும். பிற்பாடு ஊசி குத்தினாற்போல் ஓட்டை ஓட்டையாக இருந்தது, தட்டினால் மாவு கொட்டியது. வண்டு. "வெலை வந்தா எல்லாஞ் சரியாப் போயிருமுங்க" என்று வாடகை பாக்கியில் கொஞ்சம் கட்டிவிட்டுப் போவார். மஞ்சளை வைத்து வாங்கிய கடனுக்கு வட்டி தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

"அதான் 2024-ல திரும்ப வந்துச்சே" என்று மடக்குகிறவர்கள் உண்டு. வந்தது, 17,000-ஐத் தாண்டியே வந்தது. நடுவில் கட்டிய வாடகை, வட்டி, வண்டு தின்றது, மகள் கல்யாணத்துக்கு உதவாமல் போன பணம், எல்லாவற்றையும் கூட்டிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

பையன்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இந்த ஷேர் உன்னிடம் இல்லை, இதன் இன்றைய மதிப்பு ரொக்கமாகக் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள். அந்தப் பணத்தில் இதையே வாங்குவாயா? மாட்டாய் என்றால் விற்றுவிடு. இவ்வளவு போட்டாச்சே என்று ஓடாத தறிக்கு மறுபடி மறுபடி செலவு செய்கிறவருக்கும் இதே கேள்விதான்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் முடிவெடுப்பது

தூங்குங்கள்.

போனில் வருகிற போலீசுக்குப் பயப்படுவது

போலீஸ் என்று வீடியோ காலில் வந்து, உன்னைக் கைது செய்தாச்சு, பணம் அனுப்பு என்று மிரட்டுவார்கள். அந்த 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் ஒன்றே கிடையாது. போனை வையுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

மச்சான் போட்டார் என்று தானும் போடுவது

2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு என்ற பெரிய பறவையை வளர்க்கும் பண்ணைகள் சரிந்தபோது எனக்குத் தெரிந்து மாட்டியவர்கள், ஒரு ஆடு வாங்க அரை நாள் பேரம் பேசுகிறவர்கள். மாதா மாதம் பணம் வருகிறது என்று மச்சான் சொன்னார், போட்டார்கள். அந்தக் கறியை யார் வாங்கித் தின்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. புதிதாகப் போட்டவர் பணம்தான் பழையவருக்கு மாத வரவாகப் போய்க்கொண்டிருந்தது. இப்படி மாட்டிக்கொண்டால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம், வைப்பீட்டாளர்களுக்காக 1997-இலேயே மாநிலச் சட்டம் இருக்கிறது. ரசீது, ஒப்பந்தம், பேங்க் பாஸ்புக் நகல் எல்லாம் எடுத்துப் போங்கள். மச்சானையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கும் வர வேண்டியிருக்கும்.